உளி ஓயும் நாளில் ஒரு விருத்தம்

என் ஆர்மோனியத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

சாமந்தியும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய மாலை. பெட்டியின் மூடியில் வரிசையாகச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். துருத்தியின் மடிப்பில்கூட ஒரு துளசி இலையைச் செருகியிருந்தார்கள். சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, வாழையிலையில் பரப்பிய உளிகளுக்கும் சுத்தியல்களுக்கும் நடுவில், பெட்டி கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அது அங்கே இருக்கவே கூடாது.

பக்கத்தில் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். மாமல்லபுரத்தில் அந்தச் சிற்பப் பட்டறையின் முதலாளி அவன்தான். வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. முகமெல்லாம் பெருமை.

"இன்னா அண்ணாத்த, பொட்டிய காருலயே வுட்டுட்டு வந்துட்ட? பெட்ஷீட்டு வேற போத்தி வெச்சிகீற. சக்கரத்துக்கு எலுமிச்சங்கா வெக்கப் போனதால கண்ணுல பட்டுச்சு. இல்லாங்காட்டி அது பூஜை இல்லாம கெடந்திருக்கும்" என்றான்.

சொல்லிவிட்டு என் கார் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். காருக்கும் பூஜை போடுகிறேன் என்று பத்து நிமிஷம் முன்னால் அவன் சாவியைக் கேட்டு வாங்கியபோது, சந்தோஷமாக எடுத்து நீட்டியவன் நான்தான்.

பெட்டியை நான் மறந்து விட்டுவிட்டு வரவில்லை. ஒளித்து வைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பட்டறையில் ஒரு மனிதர் பாட வேண்டும். அவர் பாட்டுக்கு நடுவே என் பெட்டி ஒலிக்க வேண்டும். ஒலித்தால்தான் அவர் வீட்டம்மாவுக்கு நிம்மதி. இப்போது பெட்டி பூஜையில் ஏறிவிட்டது. அந்தப் பட்டறையில் பூஜையில் ஏறிய பொருளை மறுநாள் காலை வரை ஒருவரும் தொட மாட்டார்கள்.

கை கட்டி நிற்கிற நாள்

ஆயுத பூஜையன்று ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், அடுத்த நிமிஷம் சவாரிக்குக் கிளம்பிவிடுவார்கள். கூடுவாஞ்சேரியில் எங்கள் தெரு மெக்கானிக், கற்பூரம் அணைவதற்குள் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிடுவார். கேட்டால், சாமிக்குத் தெரியாதா நம்ம பொழப்பு என்பார்.

கன்னியப்பன் பட்டறையில் அந்தச் சலுகை கிடையாது. அவன் அப்பா காலத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு. கையால் எடுத்துத் தொழில் செய்கிற எதுவும் அன்று பூஜைக்கு வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் விஜயதசமி காலைப் பூஜை முடிகிறவரை அதை விரலால்கூடத் தொடக் கூடாது. உளி, சுத்தியல், நூல் உருண்டை, கட்டிங் மெஷின் எல்லாம் இதில் சேர்த்தி.

ஒரு வருஷம் கன்னியப்பன், இதுவும் தொழிலுக்கு உதவுகிறதே என்று தன் செல்போனையும் தூக்கிப் பூஜையில் வைத்துவிட்டான். அது சாயங்காலம் முழுக்க அடித்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தால், கூப்பிட்டது அவன் மாமியார். அந்தச் சண்டை தீபாவளிவரை ஓடியது.

எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடிக்கும். காரணம் அந்த அமைதி. மற்ற நாளில் அந்தச் சாலையில் போனால், வரிசையாகப் பட்டறைகள், எல்லாவற்றிலும் கல்லை அறுக்கிற மெஷின் அலறும். அதற்கு நடுவே உளிச் சத்தம். பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்கக்கூடக் கத்த வேண்டும். ஆயுத பூஜையன்று சாயங்காலம் அத்தனையும் ஓய்ந்திருக்கும். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடல், வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பட்டறைக்குள் கேட்கும். புரட்டாசிக் கடலுக்குச் சத்தம் கொஞ்சம் கனமாக இருக்கும். மழை வரப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரியுமாம். இது செம்படவர் குப்பத்தில் சொன்னது, நான் பரீட்சை செய்து பார்க்கவில்லை.

அந்த அமைதியில் பாட்டு நடக்கும். மேளம் கிடையாது, தாளம் கிடையாது, மைக் கிடையாது. எல்லாம்தான் பூஜையில் இருக்கிறதே. தொண்டையைக் கழற்றி வாழையிலையில் வைக்க முடியாது என்பதால் பாட்டுக்கு மட்டும் அனுமதி.

முகம் திறக்கிறவர்

பாடுகிறவர் ஏகாம்பரம் அண்ணன். கன்னியப்பனின் அக்கா புருஷன். பட்டறையில் வயதிலும் வேலையிலும் மூத்தவர்.

ஒரு சிலையில் பல பேர் கை படும். ஒருவர் கல்லைப் பிளப்பார், ஒருவர் உடம்பை எடுப்பார், ஒருவர் நகைநட்டு வேலை செய்வார். முகத்தை மட்டும் ஏகாம்பரம் அண்ணனுக்கு விட்டுவைப்பார்கள். அதுவரை வெறும் கல்லாகக் கிடப்பது, அவர் இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து எழுந்தால் நம்மைத் திருப்பிப் பார்க்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்தத் தட்டில் அது நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடிந்ததில்லை.

அவர் பாடுவது ஒரே ஒரு விருத்தம். அவருடைய அப்பா கட்டியது. கலைமகள் மேல் நான்கே வரி. மோகனத்தில் எடுப்பார். "கல்லுக்குள் துயில்பவளே கண்திறந்து பாராயோ" என்று தொடங்கும். "நில்லென்றால் நிற்பவளே நெஞ்சுக்குள் வந்திருப்பாய்" என்று முடியும். அந்தக் கடைசி வரியைக் கீழே தொடங்கி, மேலே ஏறி, அங்கே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாகப் படியிறங்கி வருவார். எல்லாம் ஒரே மூச்சில்.

நான் ஆர்மோனியக்காரன். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடம்தான் எங்கள் பிழைப்பு. அவர் நிறுத்துகிற இடத்தில் நாங்கள் புகுந்து, ஓட்டை தெரியாமல் நிரப்ப வேண்டும். எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் எங்கே மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், விரல் அங்கே போய்க் காத்திருக்கும். முதல் வருஷம் ஏகாம்பரம் அண்ணன் பாடியதைக் கேட்டபோது, மடியில் சும்மா கிடந்த என் விரல்கள் கடைசி வரி முழுக்கக் காத்திருந்துவிட்டு வேலை இல்லாமல் திரும்பின. பாட்டு முடிந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். இதற்குமேல் அவரைப் பற்றி எனக்குப் பாராட்டத் தெரியாது.

ஒரு சுண்டல் விவகாரம்

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குச் சுண்டல்தான் காரணம்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம், உத்தியோகம் கல்பாக்கத்தில். பகலில் டெக்னீஷியன், சாயங்காலம் ஆர்மோனியம். டவுன்ஷிப்பில் நவராத்திரி என்றால் இந்தியாவே ஒரு தெருவுக்குள் வந்துவிடும். ஒரு வீட்டில் தெலுங்குக் கீர்த்தனை, எதிர் வீட்டில் மலையாளப் பஜனை, மைதானத்தில் வங்காளிகள் துர்க்கைக்குப் பந்தல் போட்டு டாக் என்று ஒரு மேளத்தை வெளுத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாப் பாஷைக்கும் பெட்டி ஒன்றுதான் என்பதால் ஒன்பது நாளும் எனக்குச் சுண்டலுக்குப் பஞ்சமில்லை. ஆபீஸ் பஸ்ஸில் மறுநாள் ஏப்பம் விட்டுக்கொண்டே போவேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் சுண்டலை மட்டமாக எழுதிவிட்டேன் என்று ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். அம்மா, நான் மட்டம் தட்டியது அவித்து உப்புப் போட்டு, மேலே நாலு தேங்காய்த் துருவலைத் தூவித் தருகிற சுண்டலை. கடமைக்குச் செய்கிற சுண்டல் அது. வாயில் போட்டால் மாத்திரை மாதிரி இருக்கும்.

நல்ல சுண்டல் என்றால் நவநீதம் அண்ணியின் மொச்சைச் சுண்டல். ஏகாம்பரம் அண்ணனின் மனைவி அவர். மொச்சையை முதல் நாளே ஊறவைத்து, தோல் சுருங்காமல் வேகவைத்து எடுப்பார். தனியாவும் காய்ந்த மிளகாயும் வறுத்து, கொரகொரவென்று இடித்து, கடைசியில்தான் போடுவார். பெருங்காயம் தாராளமாக இருக்கும், தேங்காய் துருவலாக இல்லாமல் பல் பல்லாக இருக்கும். கல்பாக்கத்தில் ஒரு கொலுவில் யாரோ கொண்டுவந்து கொடுத்த அந்தச் சுண்டலைத் தின்றுவிட்டு, இது எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டே போனவன்தான் அந்தப் பட்டறையில் போய் நின்றேன். நிற்கும்போது ஆயுத பூஜைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவறவில்லை.

வழக்கப்படி அடுத்த இரண்டு வருஷம் என் பெட்டியையும் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தேன். அப்புறம் கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்தபின், அவ்வளவு தூரம் தூக்கிச் சுமப்பானேன் என்று வெறுங்கையோடு போக ஆரம்பித்தேன். ஆக, நான் சொல்கிற அந்த வருஷம் பெட்டியைக் கொண்டுபோனது வேறு காரணத்துக்காக.

அண்ணியின் போன்

கொரோனாவெல்லாம் அடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நவராத்திரி தொடங்கிய வாரத்தில் நவநீதம் அண்ணி போன் செய்தார். அவர் அதற்கு முன்னால் எனக்குப் போன் செய்ததே இல்லை.

ஏகாம்பரம் அண்ணனுக்கு இருமல் என்பது எல்லோருக்கும் தெரியும். கல் வேலை செய்கிறவர்களிடம் இருமல் இருந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவரும் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்தான். பாடும் நேரத்தில் இருமல் எங்கே போகும் என்று தெரியாது. அந்த வருஷம் மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்தார். செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். கல் தூசி நெஞ்சில் போய்ப் படிந்துவிட்டது, போன மூச்சு போனதுதான், இனியும் தூசியில் உட்கார்ந்தால் இருக்கிற மூச்சும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உளியைத் தொடவே கூடாதாம்.

கன்னியப்பன் உடனே ஏற்பாடு செய்துவிட்டான். மாமா பட்டறைக்கு வரட்டும், தூசி படாத பக்கம் உட்காரட்டும், கல்லில் கோடு போட்டுக் கொடுக்கட்டும், மற்றவர்கள் செதுக்கட்டும் என்று. அண்ணன் கேட்கவில்லை. கோடு போட ஓவிய வாத்தியாரைக் கூப்பிட்டுக்கொள் என்றாராம். பேச்சு முற்றியபோது, பூஜை வரட்டும், விஜயதசமியன்று முடிவு சொல்கிறேன் என்று வாயை அடைத்துவிட்டார்.

அவர் விஜயதசமி என்று சொன்னதற்கு அர்த்தம் இருக்கிறது. அன்று காலைப் பூஜை முடிந்ததும் பட்டறையில் மூத்தவர் முதலில் உளியை எடுத்துத் தன் கல்லில் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகுதான் மற்றவர்கள் தட்டலாம். தட்டியவர்கள் அந்த வருஷம் முழுக்கத் தொழில் செய்வதாகச் சாமி முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. தட்டிவிட்டுப் பின்வாங்குகிற பழக்கம் அங்கே இல்லை.

அண்ணி இதற்குத்தான் பயந்தார்.

"தம்பி, அவுரு பாட்டு இந்த வருசம் ஒடையும். எனக்கு நல்லாத் தெரியும். ராவுல படுத்துகினு மெல்ல மொனகிப் பாடிப் பாக்கறாரு, பாதியில மூச்சு நின்னுடுது. இத்தினி பேரு முன்னால ஒடஞ்சிட்டா, அந்த வீம்புக்கே மறுநாளு உளிய தூக்குவாரு. பாட்டு ஒழுங்கா முடிஞ்சிட்டா மனசு நெறஞ்சிடும், நான் பேசி எப்படியாச்சும் நிறுத்திடுவேன். நீ பொட்டிய கொணாந்து நடு நடுவுல கொஞ்சம் ஊதேன்" என்றார்.

வழக்கம் கெடுமே என்றேன். வழக்கம் பெரிதா ஆள் பெரிதா என்று கேட்டார். பூஜைக்கு வராத பொருளை வாசிப்பதில் வழக்கம் கெடாது, ஆகவே காரிலேயே ஒளித்து வை, அவர் பாட உட்கார்ந்த பிறகு எடுத்து வா, யார் என்ன சொல்லிவிடுவார்கள் என்று சட்டமும் அவரே சொன்னார். கல்பாக்கத்தில் எங்கள் பிரிவுத் தலைவருக்குக்கூட இவ்வளவு தெளிவாகத் திட்டம் போடத் தெரியாது.

அந்தத் திட்டத்தைத்தான் அண்ணியின் சொந்தத் தம்பி, பாசத்தோடு மாலை போட்டு முடித்துவைத்தான்.

மாலை

அண்ணி சுண்டல் அண்டாவோடு வந்தார். பூஜையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கன்னியப்பனைக் கண்ணால் காட்டினேன். அண்ணியால் தம்பியைத் திட்டவும் முடியாது. அவனுக்கு விஷயமே தெரியாது, தெரிந்தால் மாமாவிடம் உளறிவிடுவான் என்று அவர்தான் மறைத்துவைத்திருந்தார்.

பூஜை நடந்தது. பொரி, கடலை, சர்க்கரை எல்லாம் கலந்து அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். லேசாகத் தூறல் போட்டு நின்றது. கல் தூசி நனைந்தால் ஒரு வாசனை வரும், வெந்நீர் அடுப்பில் தண்ணீர் தெளித்த மாதிரி.

ஏகாம்பரம் அண்ணன் சரஸ்வதி படத்துக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தார். முன்னைவிட இளைத்திருந்தார், காலர் தளர்ந்திருந்தது. பாதி முடிந்த அம்மன்களும் பிள்ளையார்களும் சுற்றி நிற்க, நடுவில் நாங்கள் ஒரு முப்பது நாற்பது பேர். எல்லோரும் வருஷா வருஷம் கேட்கிறவர்கள், அதனால் எல்லோருக்கும் அந்தக் கடைசி வரி தெரியும். அதுதான் கஷ்டம்.

எடுத்தார். குரல் அப்படியே இருந்தது. முதல் வரியை இரண்டாக வெட்டிப் பாடினார். வெட்டிய இடம் தெரியவில்லை. அங்கே நிறுத்துவதுதான் அழகு என்கிற மாதிரி நிறுத்தி, மூச்சு வாங்கி, எடுத்தார். இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் மூன்று மூன்றாக வெட்டினார், அதுவும் சரியாகவே அமைந்தது. இந்த மனிதர் ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்திருக்கிறார் என்று புரிந்தது. பாட்டை அவர் மூச்சுக்குத் தகுந்த மாதிரி செதுக்கி வைத்திருந்தார். எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போலிருந்தது.

கடைசி வரி வந்தது. அதை வெட்ட அவருக்கு மனம் இல்லை போலிருக்கிறது. "நில்லென்றால்" என்று கீழிருந்து தொடங்கி மேலே ஏறினார். உச்சியில் போய் நின்றார். அங்கே மூச்சு தீர்ந்துவிட்டது. இருமல் வந்தது.

கையைக் காட்டினார், பொறுங்கள் என்று. தண்ணீர் குடித்தார். மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். கன்னியப்பனுக்கு அப்போதுதான் என்னவோ உறைத்திருக்க வேண்டும். மாலை போட்ட பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் தொங்கிவிட்டது. எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துவிடலாமா என்று எனக்குக் கால் பரபரத்தது. எடுத்திருந்தால் அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு இருந்திருக்காது.

மூன்றாவது தடவை தொடங்கினார். "நில்லென்றால்" என்று ஏறி, உச்சியில் குரல் இழுத்தது.

"நிற்பவளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சுருதிக்கும் அந்தக் குரலுக்கும் ஜென்மப் பகை. அண்டாவின் அடியில் கரண்டி சுரண்டுகிற மாதிரி இருந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே நவநீதம் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கண் சரஸ்வதி படத்தின்மேல் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவர்தான், ஆனால் அண்ணி வாயைத் திறந்து பாடி ஒருவரும் கேட்டதில்லை. பாடினால் வீட்டுக்காரருக்குக் காது வலிக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஏகாம்பரம் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவருக்கு மூச்சு வந்துவிட்டது. அண்ணி கோணலாக விட்ட இடத்திலிருந்து வரியை எடுத்து, நேராக்கி, "நெஞ்சுக்குள்" என்று கொண்டுபோனார். மறுபடி மூச்சு முட்டியதும் அண்ணி புகுந்தார். அண்ணன் வாங்கிக்கொண்டார். ஒரே வரியைப் பல தடவை அப்படிச் சுற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணியின் சுருதி வேறு வேறு ஊருக்குப் போயிற்று, அண்ணன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கடைசியில் படியிறங்கி "வந்திருப்பாய்" என்று முடித்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தார்கள்.

நான் ஆர்மோனியத்தில் ஆயிரம் இடம் நிரப்பியிருக்கிறேன். அப்படி ஒரு இடத்தை நிரப்ப எனக்கு வராது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை.

பாட்டு முடிந்ததும் அண்ணன் முதலில் சொன்னது, "பஞ்சமத்துல நிக்கல நீ. கீய கீய எறங்கிகினே கீற."

"மூச்ச வுட்டுட்டு குந்திகினு இருந்தா நான் இன்னா பண்றது? தெரிஞ்சத பாடனேன்" என்றார் அண்ணி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தார். இருமிக்கொண்டே, "நாளிக்கி வா, உக்கார வெச்சி மொதல்லேர்ந்து சொல்லித் தரேன். உன் கொரலுக்கு ஏயு ஜென்மம் ஆவும்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். அண்ணி சிரிக்கவில்லை. சுண்டல் எடுத்துப் போட ஆரம்பித்தார்.

முதல் தட்டு

பெட்டி பூஜையில் மாட்டிக்கொண்டதால் அன்று கன்னியப்பன் வீட்டிலேயே தங்கினேன். காலையில் பட்டறைக்குப் போனபோது கன்னியப்பன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். மாமா விடியற்காலையிலேயே எழுந்து குளித்துவிட்டு வந்துவிட்டாராம். ஈரத் துண்டும் கொண்டுவந்திருக்கிறாராம்.

பார்த்தேன். மூக்கில் கட்டுகிற துண்டு தோளில் கிடந்தது. பாட்டு ஒழுங்காக முடிந்தால் மனசு நிறைந்துவிடும் என்று அண்ணி போட்ட கணக்கு தப்பிவிட்டது என்று நினைத்தேன். மனசு நிறைந்த மனுஷனுக்கு வேலை செய்யத்தானே கை வரும்.

காலைப் பூஜை முடிந்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் உளியோடு தத்தம் கல் முன்னால் போய் நின்றார்கள். நானும் பெட்டியை இறக்கி மாலையைக் கழற்றினேன். ஏகாம்பரம் அண்ணன் தன் உளியை எடுக்கக் குனிந்தார்.

அப்போது நவநீதம் அண்ணி வந்தார். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, பட்டுப் புடவை கட்டியிருந்தார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். நேராக வந்து தட்டை அண்ணன் காலடியில் வைத்தார். அவர் எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் பாதி குனிந்தபடியே நின்றார்.

"இன்னா இது?"

"நேத்து இத்தினி பேரு முன்னால சொன்ன, சொல்லித் தரேன்னு. இன்னிக்கி விஜயதசமி. ஆரம்பி."

சற்றுப் பொறு, ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார் அண்ணன். அண்ணி அசையவில்லை.

"நீ தட்டுனா தூசி. தூசி போனா உனக்கு மூச்சு இல்ல. மூச்சு இல்லாத வாத்தியாரு எனக்கு இன்னாத்த சொல்லித் தருவ? நான் கத்துக்க ஏயு ஜென்மம் ஆவும்னு நீதான சொன்ன. இதையாச்சும் முயுசா இருந்து சொல்லிக் குடுய்யா" என்றார்.

குரல் உடையவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

பட்டறை முழுக்க உளியைக் கல்லில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. மூத்தவர் தட்டாமல் ஒருவரும் தட்ட முடியாது. அண்ணன் அவர்களைப் பார்த்தார். தன் கல்லைப் பார்த்தார். உடம்பெல்லாம் முடிந்து, முகத்துக்கு மட்டும் விட்டுவைத்த ஒரு அம்மன் அது. அண்ணியைப் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"மச்சான்" என்று கன்னியப்பனைக் கூப்பிட்டார். "மொதத் தட்டு நீ தட்டு."

கன்னியப்பன் தன் கல்லில் ஒரு தட்டுத் தட்டினான். அவன் தட்டியதும் பட்டறை முழுக்கச் சத்தம் எழுந்தது. நாங்கள் மூவரும் தூசி எட்டாத ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தோம். அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி அண்ணன் என்னிடம், கட்டை வை, சுருதி பிடி என்றார். ஆதார ஸட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு துருத்தியை அமுக்கினேன்.

அண்ணி பாடினார். சுருதிக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

"இன்னொரு வாட்டி" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.